கூண்டு இறக்கிய ஒடெட்

ஒன்டாரியோவின் வடக்கே ஒரு தங்கச் சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டை இயக்குவது ஒடெட் லாவீனின் வேலை. அவள் உட்கார்ந்திருக்கும் அறையிலிருந்து கூண்டு தெரியாது. மணியோசையும் கைப்பிடியும்தான். கூண்டு கிளம்பும்போது உள்ளே நிற்பவர்களுக்கு உடம்பு லேசாகி வயிறு மேலே எழும்பும். நிற்கும்போது கால் கனத்துப்போகும். ஒடெட் ஓட்டினால் இரண்டும் அவ்வளவாகத் தெரியாது.

“ரெண்டு முட்டை தின்னிருக்கேன், உள்ளேயே இருக்கட்டும்,” என்பான் பாறை துளைக்கும் ரெஜான், ஏறுமுன் தொலைபேசியில்.

“தின்னது உன் பாடு, இறக்குறது என் பாடு. ஏறு.”

மார்ச் மாதம் ஒரு காலையில், கூண்டு முழு வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டது. ஒடெட்டின் நாற்காலி அசையக்கூட இல்லை. கூண்டுக்குள்ளோ ஒவ்வொருவனுக்கும் அவன் உடம்பே இரண்டு மூன்று ஆள் கனமாகிவிட்டது. முழங்கால் மடிந்து ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். ரெஜானின் தோளில் கருவிப் பை வேறு. அவனுடைய முதுகெலும்பில் ஒரு கணு நொறுங்கியது.

பிரேக்கில் பழுதான ஒரு வால்வுதான் காரணம், அவள்மேல் தவறில்லை என்று விசாரணையில் சொன்னார்கள். மருத்துவமனை வாசலில் ரெஜானின் மனைவி ஜினெட் அவளை மறித்தாள்.

“நீ ஒண்ணும் பண்ணலன்னு எனக்கும் தெரியும் ஒடெட். ஆனா உன் கையைப் பாக்க முடியல. போயிடு.”

வால்வை மாற்றிக் கூண்டு மறுபடி ஓடத் தொடங்கிய அன்று, வேறொருவரை ஓட்டச் சொல்லிவிட்டு ஒடெட் கூண்டில் ஏறினாள். கூண்டு அடியில் போய் நின்றபோது அவள் பாதம் தரையோடு அழுந்தியது. பக்கத்தில் நின்றவரின் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இது நல்லா நிறுத்துனதுதான்,” என்றார் அவர், கையை விடுவிக்காமல்.

அதன்பிறகு அவளுக்குக் கைப்பிடியை முழுதாகத் தள்ள வரவில்லை. கூண்டு ஊர்ந்தது, ஆட்கள் தாமதமாகக் கீழே போனார்கள். யாரும் கேலி செய்யவில்லை. அதுதான் அவளைத் தின்றது. கோடை முடிவதற்குள் தலைவிளக்கு கொடுக்கும் அறைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

முதல் பனி விழுந்த வாரம், ரெஜான் ஊன்றுகோலோடு தன் சாமான்களை எடுத்துப்போக வந்தான். விளக்கு வாங்கும் வரிசையில் நின்று அவள் முன்னால் வந்தான்.

“ஏன் விட்டுட்ட?”

“கை வரல.”

“எனக்குத்தான் இனிமே கீழ வேலை இல்ல. உனக்கென்ன கேடு? மத்தவங்களையாச்சும் ஒழுங்கா இறக்கியிருக்கலாம்ல?”

ஒடெட் அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றவனிடம் விளக்கை நீட்டினாள்.