பஞ்சு குடோனில் இன்பராணி

பாளையம்பட்டி இன்பராணியைப் பாதுகாக்க, அவள் பிறப்பதற்கு முன்பே பல தேசத்தார் கூடி உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். பெண்களை ராத்திரியில் ஆலை வேலைக்கு நிறுத்தக் கூடாது என்பது அதன் சாரம். நம் சர்க்காரும் கையெழுத்துப் போட்டது. போட்ட மகராசன்கள் நன்றாக இருக்கட்டும். பகல் ஷிப்டில் இடமில்லை என்று கைவிரித்த மில்காரனிடம் அவளுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுக்கத்தான் ஆளில்லை.

புருஷன் கிறிஸ்டோபர் திருப்பூருக்குப் போனவன், போனவன்தான். மகள் ஏஞ்சலினுக்குக் கஞ்சி ஊற்றியாக வேண்டும். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் ராத்திரி வேலைக்குத் திருட்டுத்தனமாகச் சில பெண்களை வைத்திருந்தார்கள். தொண்ணூற்று மூன்றில் இவளும் அவர்களோடு சேர்ந்தாள்.

சோதனைக்கு ஆபீசர் வந்தால் வாட்ச்மேன் மணியடிப்பான். பெண்கள் பஞ்சு குடோனுக்குள் ஓட வேண்டும். மேஸ்திரி காளிராஜ் வெளியே பூட்டிவிடுவார். தொழுவத்தில் மாட்டை அடைப்பதுபோல்தான். அதை அங்கே ஒருவரும் அதிசயமாக நினைக்கவில்லை.

இரண்டு வருஷத்தில் பஞ்சுத் தூசி இன்பராணியின் நெஞ்சில் ஏறிவிட்டது. இருமல் வந்தால் லேசில் நிற்காது. மெஷின் இரைச்சலில் அது யார் காதுக்கும் எட்டாததால் பிழைப்பு ஓடியது.

ஐப்பசியில் ஒரு ராத்திரி மணி அடித்தது. ஓடினார்கள், பூட்டு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கரண்டு போய், மெஷின்கள் மொத்தமும் நின்று, மில்லே அடங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்தா அவளுக்குத் தொண்டை கமற வேண்டும்!

“அடியே, அடக்குடி. சத்தம் வெளிய போச்சுன்னா நம்ம எல்லாரு வயித்துலயும் மண்ணு,” என்று கூட வேலை பார்க்கும் முனீஸ்வரி காதில் கிசுகிசுத்தாள்.

இன்பராணி முந்தானையை வாயில் திணித்தாள். போதவில்லை. முனீஸ்வரி தன் கையை வைத்து அழுத்தினாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஆபீசரின் குரல் கேட்டது. “இதுக்குள்ள என்னய்யா?”

“பஞ்சு சார்,” என்றார் காளிராஜ்.

“பொம்பளையாளுக யாரும் ராத்திரி வேலைக்கு இல்லையே?”

“அந்தப் பாவத்தைச் செய்வமா சார்?”

“செஞ்சிராதீங்க. அவுக உடம்பு என்னத்துக்காகும்? உலகமே கூடி முடிவு பண்ணின விஷயம்யா இது.”

நல்ல மனுஷன். குரலில் பொய்யில்லை. ஒரு தட்டு தட்டினால் போதும், கதவைத் திறந்து காற்றைக் காட்டிவிடுவான். நாளைக்கு ஏஞ்சலினுக்கு எவன் சோற்றைக் காட்டுவான்? தன்னால் கதவுக்குப் போன கையை மறு கையால் இழுத்துப் பிடித்தாள். கண் பிதுங்கியது. அவளுக்குக் காளிராஜ் மேல்கூட அவ்வளவு ஆத்திரம் வரவில்லை, அந்த நல்ல மனுஷன் மேல்தான் வந்தது. போய்த் தொலையேன் என்று மனசுக்குள் வைதாள்.

ஜீப் போன பிறகு காளிராஜ் பூட்டைத் திறந்தார். இன்பராணி வாசலிலேயே சுருண்டு விழுந்து இருமினாள். முனீஸ்வரியின் உள்ளங்கையில் அவள் பல் பதிந்து ரத்தம் கசிந்தது.

“உடம்புக்கு முடியலையா? முடியலேன்னா வீட்டுல இருந்துக்கிற வேண்டியதுதான,” என்றார் காளிராஜ்.

“எனக்கென்னண்ணே, நல்லாத்தான் இருக்கேன்,” என்று சுவரைப் பிடித்து எழுந்தாள் இன்பராணி. கரண்டு வருவதற்கு முன்பே மெஷினடியில் போய் நின்றுகொண்டாள்.