பாங்காக்கில் போட்ட மொட்டை

திருச்சானூருக்கும் திருப்பதிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டும் முனிகிருஷ்ணன் எந்த வெயிலிலும் தொப்பியைக் கழற்றமாட்டார். தொப்பிக்குள்ளே, அவிழ்த்தால் இடுப்பைத் தொடும் முடியைச் சுருட்டிக் கொண்டை போட்டிருக்கிறார். அவர் ஒரு காலத்தில் குத்துச்சண்டைக்காரர். இதைச் சொன்னால் பயணிகள் நம்பமாட்டார்கள். அவரும் சொல்வதில்லை.

சொந்த ஊர் நகரி. அப்பா விசைத்தறி ஓட்டியவர், சீக்கிரமே போய்விட்டார். அம்மா வெங்கடம்மா தறிகளுக்கு நூல் தார் சுற்றிக் கொடுத்து மகனை வளர்த்தார். திருப்பதியில் ஒரு லாட்ஜில் ரூம்பாய் வேலைக்குச் சேர்ந்தபோது, பக்கத்து மைதானத்தில் பையன்கள் கையுறை போட்டுக் குத்திக்கொள்வதை முனிகிருஷ்ணன் பார்த்தார். அவர்களோடு சேர்ந்துகொண்டார். ஒல்லி உடம்பு. நாற்பத்தெட்டு கிலோ பிரிவில் அவருடைய கைவேகத்துக்கு ஈடுகொடுக்க மாவட்டத்தில் ஆளில்லை.

அது ஊரே வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தொண்ணூறுகள். தெருப் பையன்கள் குவைத்துக்குப் போனார்கள். முனிகிருஷ்ணனைச் சென்னை ஏஜெண்ட் ஒருவர் பாங்காக்குக்கு அனுப்பினார். அங்கே காசுக்குச் சண்டை போடலாம். சின்னச் சின்னச் சண்டைகளில் ஜெயித்தார். பிறகு சாம்பியன் பெல்ட்டுக்கான ஒரு சண்டைக்குப் பெயர் கொடுத்தார்கள். நகரி எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னார்.

"பெல்ட்ட வாங்கிக்கினு வாடா. ரெண்டு பேரும் மலைக்குப் போயி முடி குடுக்கலாம். நான் வேண்டிக்கினேன்" என்றார் வெங்கடம்மா.

"நீ எதுக்குமா? நான் குடுத்தா போதாதா?"

"நீ குத்து வாங்கப் போற. நான் இன்னா வாங்கப் போறேன்? முடியாவது குடுக்கறேன்."

ஐம்பது வயதிலும் வெங்கடம்மாவின் பின்னல் கை மொத்தம் இருக்கும். தெருவில் கண்ணு போடாதவர்கள் இல்லை. அன்றிலிருந்து மகனும் முடி வெட்டவில்லை. சண்டை இரண்டு முறை தள்ளிப்போனது. அதற்குள் முடி தோளைத் தாண்டிவிட்டது.

சண்டைக்கு முந்தின நாள் எடை பார்ப்பார்கள். பிரிவுக்கான எடையைவிடத் துளி கூடினாலும் பெல்ட் கிடையாது. முனிகிருஷ்ணன் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தார், பிளாஸ்டிக் சட்டை போட்டு ஓடியிருந்தார், கடைசியில் துணிகூட இல்லாமல் மெஷினில் ஏறினார். முள் கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. துப்பப் பார்த்தார். வாயில் எச்சில் இல்லை. ஏஜெண்டின் ஆள் அவர் தலையைப் பார்த்தான். பிறகு கத்தரிக்கோலும் ரேசரும் கொண்டுவந்தான்.

"இது சாமிக்கு" என்றார் முனிகிருஷ்ணன்.

"அடுத்த வாட்டி வளத்துக் குடு. உன் சாமி எங்க போவப் போறாரு?"

மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. ஓட்டல் குளியலறையில் மொட்டை போட்டார்கள். முடியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டார்கள். எடை சரியாக வந்தது. மறுநாள் ஐந்தாவது ரவுண்டில் விழுந்தார்.

தோற்றதைச் சொல்ல அவர் போன் செய்யவில்லை. பூத்துக்காரர் ரங்கன் காதுக்கு வந்தது ஊர் முழுவதுக்கும் வந்த மாதிரி. சென்னையிலிருந்து நேராக ரயிலில் வந்து இறங்கினார். ஸ்டேஷன் வாசலிலேயே ரங்கன் பார்த்துவிட்டார்.

"டேய், மொட்டைடா! ஜெயிச்சிட்டு மலைக்குப் போயி குடுத்துட்டே வந்துட்டான்டா!"

வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே தெரு கூடிவிட்டது. வெங்கடம்மா கோபமாக வந்தார்.

"இன்னாடா, என்ன உட்டுட்டு நீ மட்டும் போய்க்கினு வந்துட்டியா? அவ்ளோ அவசரமா?"

முனிகிருஷ்ணனுக்கு முகமெல்லாம் வீங்கியிருந்தது. சிரிப்பதற்கு அது வசதியாக இல்லை. "உம்" என்றார் முனிகிருஷ்ணன்.

மறுநாள் காலை வெங்கடம்மா அவரைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் புறப்பட்டார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் தெலுங்கில் மகனைக் காட்டிப் பேசிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வளைவிலும் சொல்லிவிடலாம் என்று முனிகிருஷ்ணன் வாயைத் திறந்தார். மலையில் முடி இறக்கும் கல்யாணகட்டாவில் வெங்கடம்மா பின்னலை அவிழ்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "தல வஞ்சம்மா" என்று நாவிதர் தலையைக் குனியச் சொல்லித் தண்ணீர் தெளித்தார். உச்சியில் கத்தி ஒரு இழுப்பு இழுத்தது. முடி மடியில் விழுந்தது.

"அம்மா, நான் ஜெயிக்கல."

வெங்கடம்மா குனிந்தபடியே இருந்தார். "அப்போ உன் முடி எங்க?"

"எடைக்காக எடுத்துட்டாங்க. குப்பைல போட்டாங்க."

நாவிதரின் கை நின்றது. உச்சியில் மட்டும் வழித்த தலையோடு எழுந்துபோக யாராலும் முடியாது. வெங்கடம்மா நாவிதரைப் பார்த்து, "நுவ்வு கானீ நாயனா" என்றார், வேலையை முடி என்று. முடியும்வரை மகனைப் பார்க்கவில்லை. சந்தனம் பூசிக்கொண்டு வெளியே வந்தபிறகுதான் பேசினார்.

"என்னுது போச்சு. பொய்க்குப் போச்சு. உன்னுது பாக்கி. ஜெயிச்சிட்டு குடு."

அதற்குப் பிறகு முனிகிருஷ்ணன் தலையில் கத்தி பட விடவில்லை. முடியை எடுத்துவிட்டுப் பழைய பிரிவுக்கே இறங்கு என்று ஏஜெண்ட் சொன்னபோதெல்லாம் மேல் பிரிவுக்குப் போனார். அங்கே எலும்பு பெரிய ஆட்கள். ஐம்பத்து மூன்றில் தோற்றார். ஐம்பத்தேழில் தோற்றார். அறுபத்தொன்றில், அவரைவிட ஒரு தலை உயரமானவனிடம் மூக்கு உடைந்தது. ஏஜெண்ட் அவரைத் தோற்பதற்கென்றே கூப்பிடுகிறார் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் போனார். சென்னையில் கடைசியாக ஒரு சண்டை. எதிராளி வரவில்லை. நடுவர் அவருடைய கையைத் தூக்கினார்.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து, "ஜெயிச்சிட்டேன்மா" என்றார்.

"அடிச்சியா?"

"அவன் வரல."

வெங்கடம்மா தட்டில் சோறு போட்டார். "துன்னு" என்றார். முடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் ஆட்டோவில் ஒரு குடும்பம் ஏறியது. குழந்தை உட்பட எல்லோரும் புது மொட்டை. காற்றில் அவருடைய தொப்பி பின்னுக்குச் சரிந்தது. கொண்டை தெரிந்தது.

"அண்ணா, சாமி பக்கத்துலயே இருந்துக்கினு நீ குடுக்கலியா?" என்று அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி சிரித்தாள்.

முனிகிருஷ்ணன் ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டார்.

"குடுக்கற அளவுக்கு இன்னும் ஒண்ணும் செய்யலம்மா" என்றார். பிறகு கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்தார், பின்னால் இருப்பவர்களுக்குத் தன் முகம் தெரியாதபடி.