மாட்டுக் கொட்டிலுக்குள் ஒரு கோட்டை

குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயமும் மிளகாயும் போடும் மகாலிங்கத்துக்கு ஒரே ஒரு குறைதான். அவர் சொல்லும் கோட்டையை ஒருத்தரும் நம்புவதில்லை.

சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து புத்தளம் வந்த மனிதர். பிறகு சுவிசுக்குப் போய், பதினொரு வருசம் மலைக்கோட்டை ஒன்றில் சமையல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார். உலக யுத்தத்தில் ஜெர்மன்காரன் வந்துவிடுவான் என்று பயந்து, மலையைக் குடைந்து கட்டிய கோட்டை அது. உள்ளே ஐந்நூறு பேருக்குப் படுக்கை, பாண் சுடும் போறணை, ஆஸ்பத்திரி. வாசலில் பீரங்கி. கடைசிவரை எதிரியை நோக்கி ஒரு குண்டுகூடச் சுடவில்லை. பட்டாளம் போனபின் சுற்றிப் பார்க்க வந்த சனத்துக்குத்தான் மகாலிங்கம் சமைத்துப் போட்டார்.

கற்பிட்டிப் பக்கத்தாருக்குக் கோட்டை என்றால் ஒல்லாந்தர் கட்டியதுதான். தண்ணீர்க் கரை, தடித்த மதில். மகாலிங்கத்திடம் இருந்த ஒரே படத்திலோ, அவர் ஒரு மாட்டுக் கொட்டிலுக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"அதுதான் வாசல். எதிரி கண்டுபிடிக்காம இருக்கக் கொட்டில் மாதிரிப் பெயின்ற் அடிச்சிருக்கு," என்பார்.

"லிங்கண்ணே, சுவிசில மாடு பாத்தேண்டு சொன்னா என்ன? நாங்க மதிக்க மாட்டமா?" என்பார் நளீம். எத்தாளையில் வள்ளங்களுக்குப் பெயின்ற் அடிப்பவர். சிரிப்பை மூட்டிவிடுவதும் அவர்தான்.

போன வாரம் மகள் பிரசாந்தி அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தாள். மகாலிங்கம் அதை நேரே நளீமிடம் கொண்டுபோனார். நளீம் தூரிகையைக் கையில் வைத்தபடியே குனிந்து பார்த்தார். சிரிக்கவில்லை.

"லிங்கண்ணே, ஒங்கட நிழல் எந்தப் பக்கம் விழுது?"

"இடப்பக்கம்."

"கொட்டில் ஜன்னல்ட நிழல்?"

மகாலிங்கம் பார்த்தார். வலப்பக்கம்! இத்தனை வருசமாக அவர் கண்ணிலேயே படவில்லை.

"வரைஞ்சவன் காலை வெயிலுக்கு நிழல் போட்டீக்கான். நீங்க பின்னேரம் நிண்டீக்கிறீங்க. யா அல்லாஹ், இது ஜன்னலே இல்ல, பெயின்ற்! டேய், எல்லாரும் ஓடி வாங்கடா, லிங்கண்ணன்ட கோட்டை மெய்தான்!"

"ஓம், அதைத்தானே நானும் சொல்லுறன்!" மகாலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது.

அஸர் தொழுகைக்குள் அந்தக் கோட்டையின் கதையை ஏழு தரம் சொல்லிவிட்டார். எட்டாம் தரம் அவரைக் கதிரையில் இருத்திவிட்டு நளீமே சொன்னார். அதில் பீரங்கி இரண்டு கூடியிருந்தது.

மகாலிங்கம் திருத்தவில்லை.