எட்டாம் நம்பர் மலையின் ஊற்று

பேராற்றை வரைபடமாக்குபவருக்கு மாலை விழும். சிற்றோடையை வரைபடமாக்குபவரை அட்டை கடிக்கும். அளவு நாடாவோடு மலையேறி நொந்த சகபாடிகளே, உங்களுக்கு இது புதிதல்ல. மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயம் எனும் வரிசை வீடுகளில் வாழும் தொழிலாளருக்குக் குடிநீர்த் தொட்டி கட்டவிருந்தார்கள். அதற்கு முன் ஓடை எங்கே பிறக்கிறது, எந்தச் சரிவுகளின் நீர் அதில் சேர்கிறது என்று வரைந்து கொடுப்பது என் வேலை.

ஓர் ஓடை, மூன்று படிவம்

கீழே கடைக்காரர் அதைக் கடை ஓடை என்றார். லயத்தில் அது கோயில் ஓடை. எட்டாம் நம்பர் மலை என்ற தேயிலைச் சரிவில் கொழுந்து பறிப்பவர்களுக்கு எட்டாம் நம்பர் ஓடை. மூன்றும் ஒன்றே என்று நடந்து பார்த்து உறுதிசெய்து, மூன்று பெயர்களையும் படிவத்தில் எழுதிக் கண்டி அலுவலகத்தில் கொடுத்தேன். எழுதுவினைஞர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கட்டத்துல ஒரு பேருக்குத்தான் மிஸ் எடம் இருக்கு. மூணு பேருன்னா மூணு ஓடை. இன்னும் ரெண்டு ஃபோம் நிரப்பிட்டு வாங்க."

சவர்க்காரம் மணக்கும் ஊற்று

தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவுக்குக் கீழே, பாறை இடுக்கில் சுரக்கும் ஊற்றில்தான் ஓடை பிறக்கிறது என்பது அங்கே அசைக்க முடியாத நம்பிக்கை. லயத்துப் பெண்கள் குடம் நிரப்புவதும் அங்கேதான். தொட்டிக்கும் அதே இடம் முடிவாகியிருந்தது. நான் குனிந்து முகர்ந்தேன்: வாசனைச் சவர்க்காரம். பங்களாக் குளியலறையின் கழிவுநீர்க் கான் அந்தப் பாறைக்குப் பின்னால் மண்ணுக்குள் மறைவதையும், மெய்யான ஊற்று பங்களாவுக்கு மேலே காட்டோரம் இருப்பதையும் கண்டேன். தோட்ட அலுவலகத்தின் தலைமை எழுத்தரான பெரிய கிராணியிடம் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபத்தோடு பார்த்தார்.

"மேல மூலிகை நெறைய இருக்குங்க மிஸ். படிச்சவங்களுக்கு அந்த வாசம் புடிபடாது."

சாயத்தூள்

துரை ஆதாரம் கேட்டார். கானில் சாயம் கரைத்து ஊற்றினால் கீழே தெரிந்துவிடும். ஆகவே சாயத்தூள் வேண்டி அலுவலகத்துக்கு எழுதினேன். தொட்டிக்குச் சீமெந்து வந்து இறங்கிய அன்றுதான் பதிலும் வந்தது.

"எந்தக் கட்டடத்துக்குச் சாயம் பூசப்படவுள்ளது என்பதைக் குறிப்பிட்டு மீள விண்ணப்பிக்கவும்."

தேர் பங்களாவுக்குப் போன நாள்

அந்த வாரமே மாரியம்மன் திருவிழா. கடைசி நாள் தேர் வழக்கம்போல் பங்களா வாசலுக்குப் போனது. மஞ்சள் நீர் குடம் குடமாக வீசப்பட்டது. துரை நனைந்தார். பெரிய கிராணி பல்லுவரை மஞ்சளானார். முற்றத்து மஞ்சள் எல்லாம் அதே குளியலறைக் கானில் இறங்குவதைக் கண்டதும் நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கீழே ஓடினேன். சற்று நேரத்தில் ஊற்று மஞ்சளாகச் சுரந்தது. பங்களாக் குளியலறைக் கானில் இறங்கிய மஞ்சள்தான் இது என்று அங்கிருந்த பெண்களிடம் சொன்னேன். பின்னாலேயே மூச்சிரைக்க வந்த பெரிய கிராணி, "அம்மன் அருள்!" என்று கைகூப்பினார். அங்கே நீர் எடுத்துக்கொண்டிருந்த கொழுந்து பறிக்கும் செல்வமணி, நிரம்பிய குடத்தை அவர் காலடியில் கவிழ்த்தாள்.

"அருள் இன்னைக்குத்தானேங்க ஐயா வந்திருக்கு. அப்ப நேத்து வரைக்கும் நாங்க குடிச்சது தொர குளிச்ச தண்ணியா?"

தொட்டி இன்று காட்டோர ஊற்றடியில் நிற்கிறது. சாயத்தூளுக்கான என் விண்ணப்பம் மட்டும் இன்னும் ஒரு கட்டடத்தின் பெயருக்காகக் காத்திருக்கிறது.