பூச்சிப் பயிற்சிக்கு அனுப்பிய படம்

கல்வராயன் மலையில் நான் வேலை பார்க்கும் தொடக்கப்பள்ளிக்குப் பின்னால் ஓர் ஓடை இருக்கிறது. நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒருநாள் அங்கிருந்து ஓடிவந்து, "தண்ணி மேல நடக்குதே அந்தப் பூச்சி, அது ஏன் டீச்சர் முழுகல?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று சமாளித்தேன்.

அதனால்தான் திருக்கோவிலூரில் ஆசிரியர்களுக்குப் பூச்சிகளைப் பற்றி இரண்டு நாள் பயிற்சி என்றதும் நானே பெயர் கொடுத்தேன். முதல் நாள் வேப்பமரத்தடியில் வேட்டியை விரித்துக் கிளையை உலுக்கினோம். விழுந்த எறும்பையும் வண்டையும் லென்ஸில் பார்த்து வரைந்தோம். மறுநாள், மெல்லிய செம்புக் கம்பியை வளைத்துத் தண்ணீரில் நிற்கிற பூச்சி செய்யச் சொன்னார்கள். என்னுடையது மூன்று முறை மூழ்கியது. கால்களை நன்றாக அகட்டி வைத்தபிறகு நின்றது. என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன்.

"இன்னாங்க, சின்னப் புள்ளையாட்டம் குதிக்கிறீங்க?" என்று பக்கத்தில் இருந்த களமருதூர் டீச்சர் சிரித்தார்.

திங்கட்கிழமை கம்பிச்சுருளோடு மலையேறினேன். வகுப்பில் ஒருவரும் இல்லை. சத்துணவு சமைக்கிற அம்மா அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் மொளகு பறிக்கக் கேரளா போய்ட்டாங்க டீச்சர். புள்ளைங்களயும் இட்டுக்கினு போய்ட்டாங்க."

"நாலாவது படிக்கிற பொண்ணுமா?"

"கைக்கொழந்தய யாரு பாத்துக்கறது? அந்தப் பொண்ணுதான் பாக்கணும். இனிமே அது எங்க படிக்கப் போவுது?"

அந்தப் பெண்ணின் அம்மா எண்ணுக்கு ஒரு வாரம் முயன்றேன். போன் அணைத்தே கிடந்தது.

அதற்குள் கல்வி அலுவலகத்திலிருந்து, பயிற்சியில் கற்றதை மாணவர்கள் செய்துபார்க்கும் புகைப்படம் உடனே வேண்டும் என்று செய்தி வந்தது. களமருதூர் டீச்சரிடம் புலம்பினேன்.

"வூட்டாண்ட இருக்கற புள்ளைங்கள நிக்க வச்சி எடுத்து அனுப்பிடுங்க. யாரு வந்து பாக்கப் போறாங்க?" என்றார்.

அப்படியே செய்தேன். கள்ளக்குறிச்சியில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்துப் பிள்ளைகள் இரண்டு பேர். கையில் கம்பியைக் கொடுத்தேன்.

"இது எதுக்கு ஆன்ட்டி?"

"ஒண்ணுமில்ல. இங்க பாத்து சிரிங்க."

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது மூன்று பேர் வந்தார்கள். அவள் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'நீண்ட நாள் வரவில்லை' என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.