இடது கைக்குக் கிடைத்த வேலை

எனக்கு எழுபத்துமூன்று வயது. மூன்று தம்பி தங்கைகள், பெற்ற பிள்ளைகள் நாலு பேர், ஆக ஏழு பேரை வளர்த்து ஆளாக்கியவள். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் இதை நானேதான் எழுதுகிறேன், யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். எழுத்து கோணலாக இருக்கும், மை அங்கங்கே இழுவியிருக்கும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

என் பேத்தி கிடார் வாங்கினாள். போனைச் சுவரில் சாய்த்துவைத்து, அதில் வருகிற ஆளைப் பார்த்துப் பழகினாள். பதினோராம் நாள் கிடாரை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். "விரல் வலிக்குது ஆச்சி. எனக்கு வராது. சோடோ," என்றாள். விட்டுத்தள்ளு என்று அர்த்தம்.

பதினொரு நாளில் வராது என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. எனக்கு வந்தது. எப்படி வந்தது என்று எழுதிவைக்கிறேன். இவளுக்கு ஆகாவிட்டால், புதிதாகக் கிடாரைத் தொடுகிற வேறு யாருக்காவது ஆகட்டும்.

அப்போது எனக்கு எட்டு வயது. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா சர்க்கார் குமாஸ்தா. அம்மாவின் தம்பி, என் மாமா, டெல்லியில் வேலை கிடைத்து ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார்.

நான் பிறவியிலேயே இடது கைக்காரி. எங்கள் வீட்டில் அது பெரிய குறை. இடது கையால் சோற்றைத் தொடக்கூடாது, விளக்கைத் தொடக்கூடாது, யாருக்கும் எதையும் நீட்டக்கூடாது. வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தால் அப்பா என் இடது கை விரல்களை மடக்கி, பந்துபோல் ஆக்கி, கர்ச்சீப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுவார். கோபமாகச் செய்யமாட்டார். பார்சல் கட்டுகிறவர் மாதிரி நிதானமாகச் செய்வார். வலது கையால் நான் ஒரு வரி எழுதுவதற்குள் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் ஒரு பக்கம் முடித்திருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா கரோல் பாக் போய் ஒரு பழைய கிடாரோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். ஆபீஸ் ஆண்டு விழாவில் வாசித்து எல்லாரையும் அசத்துவதாகத் திட்டம். விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது.

முதல் நாளே முழு சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்தார். கம்பியை முறுக்கி முறுக்கி ஒன்றை அறுத்தார். விரல்களில் நகம் வளர்த்திருந்தார், அது கம்பியைச் சரியாக அழுத்தவிடவில்லை. எல்லாவற்றையும்விட மோசம், எங்கே தடுக்கினாலும் பாட்டை முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதனால் முதல் வரி அந்த பிளாக்குக்கே மனப்பாடமாகிவிட்டது. இரண்டாம் வரியை யாரும் கேட்டதில்லை. கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் அவரை மாடிப்படியில் நிறுத்தி, "பையா, ஆகே பீ ஹை க்யா?" என்று கேட்டாள். இதற்கு மேலும் பாட்டு இருக்கிறதா என்று அர்த்தம்.

ஆண்டு விழா வந்தது, போனது. மாமா வாசிக்கவில்லை.

"இது மனுசன் வாசிக்கிற சாமானா? கடையில திருப்பிக் குடுத்துருதேன்," என்றார்.

"மொதல்ல அந்த நகத்தை வெட்டுல," என்றாள் அம்மா.

"நகத்தை வெட்டுனா ஸ்டைலு போயிரும்லா."

நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "குடுக்காதீங்க மாமா. நான் வாசிக்கேன்."

"நீயா? சரி மருமவளே. ஒரு மாசம் தாரேன். ஒரு பாட்டு, மொதல்லேருந்து கடைசி வரைக்கும் வாசிச்சுரு. கிடார் உனக்கு. இல்லேன்னா கடைக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் அம்மாவும் தொட்டிலில் தம்பியும் மட்டும். கிடாரை என் கை போன போக்கில் பிடித்தேன். இடது கை மீட்டப் போயிற்று. மாமாவுக்கு மேலே இருந்த தடித்த கம்பி எனக்குக் கீழே வந்துவிட்டது. திருப்பிப் பிடித்தேன். அப்போது கிடாரின் கழுத்து இடது கைக்குள் வந்தது. இடத்தைத் தேடுவது, அழுத்துவது, தாவுவது எல்லாம் அந்தக் கைதான். வலது கைக்கு மீட்டுகிற வேலை மட்டும். எங்கள் வீட்டில் என் இடது கைக்குக் கிடைத்த முதல் மரியாதையான வேலை அது.

எனக்குச் சொல்லித்தர ஆள் கிடையாது. மாமா செய்ததை எல்லாம் மாற்றிச் செய்தேன். நகத்தை ஒட்ட வெட்டினேன். முழுப் பாட்டை எடுக்கவில்லை. அம்மா தொட்டிலாட்டும்போது முனகும் மெட்டு, அதை ஒரே கம்பியில் தேடினேன். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கிற பட்டையின் மேலேயே விரலை வைத்தால் சத்தம் அமுங்கும், இரண்டு பட்டைக்கும் நடுவில் வைத்தால் கரகரக்கும். பட்டையை ஒட்டினாற்போல, அதற்குச் சற்று முன்னால் வைக்கவேண்டும். கரகரப்பு நிற்கிற அளவுக்கு அழுத்தினால் போதும். கம்பி என்ன ஓடியா போகும், அப்படிப் பிடித்து நசுக்குவதற்கு?

தம்பி தூங்கும்வரைதான் எனக்கு நேரம், தூங்கினபின் சத்தம் கூடாது. கால் மணி, மிஞ்சினால் இருபது நிமிஷம். ஆனால் ஒரு நாள் விடமாட்டேன். முதல் வாரம் நுனிவிரல் எரிந்தது. பாத்திரம் தேய்த்த கையோடு கம்பியைத் தொட்ட அன்று இன்னும் எரிந்தது, தோல் ஊறியிருந்ததால். பிறகு பாத்திரத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டேன். குளிர்காலத்தில் கையை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வேன். டெல்லிக் குளிருக்கும் வெயிலுக்கும் கம்பியும் ஒரே மாதிரி இருக்காது. பேத்தி, உனக்குப் போனே சுருதி பார்த்துச் சொல்கிறதே, தினமும் அதைப் பார்த்துவிட்டுத் தொடு.

தடுக்கின இடத்தில் நின்றுகொள்வேன். அந்த ஒரு தாவலை மட்டும் பத்துத் தடவை போட்டுவிட்டு அங்கிருந்தே மேலே போவேன். முதலுக்கு ஓடமாட்டேன்.

மாதம் முடிய ஒரு நாள் இருந்தது. சனிக்கிழமை. மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வீட்டுப்பாடத்துக்கு உட்கார்ந்தேன். அப்பா கர்ச்சீப்போடு வந்து, அதை என் இடது மணிக்கட்டில் போட்டுக்கொண்டு விரல்களை மடக்கினார். மடக்கினவர் நிறுத்திவிட்டு நுனிகளைத் தடவிப் பார்த்தார்.

"ஏட்டி, விரல் நுனியெல்லாம் காய்ச்சுப் போயிருக்கு? நான் இல்லாதப்போ இந்தக் கையால எழுதுதியா?"

மாமா பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். ஆமாம் என்றால் எனக்கு ஒரு அடி விழும், கிடார் தப்பிக்கும். உண்மையைச் சொன்னால் இடது கை தொட்ட கிடார் அன்றைக்கே வீட்டைவிட்டுப் போகும். ஆனால் எழுதாத எழுத்துக்கு அடி வாங்க எனக்கு மனசில்லை.

"எழுதலப்பா. வாசிக்கேன்."

கர்ச்சீப் மணிக்கட்டில் தொங்க, எழுந்துபோய் டிரங்குப் பெட்டிக்குப் பின்னாலிருந்து கிடாரை எடுத்துவந்து உட்கார்ந்தேன்.

வாசித்தேன். அம்மா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். மூன்றாம் வரியில் தடுக்கியது. நின்று, பிடித்து, மேலே போனேன். நடுவில் நிமிர்ந்து பார்த்தால் அப்பாவின் இடது கை அவர் தொடைமேல் கிடக்கிறது. அதன் விரல்கள் ஒவ்வொன்றாக வேட்டியை அழுத்தி அழுத்தி எடுக்கின்றன. என் தப்புகளை எண்ணுகிறார் என்று நினைத்தேன். எண்ணட்டும், முடிக்காமல் கீழே வைக்கமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரை போனேன்.

மாமா பேப்பரைத் தாழ்த்தி, "அத்தான், நாளைக்குக் கடையில கொண்டு..." என்று இழுத்தார்.

"ஏன், உனக்கு வேற ஜோலி இல்லையா? கெடக்கட்டும்," என்றார் அப்பா.

"எத்தன தப்புப்பா?" என்று கேட்டேன்.

"நான் எங்க எண்ணுனேன்? உக்காரு. எழுது."

கர்ச்சீப்பை மறுபடி எடுத்தார். எழுத்துக்கு விடுதலை கிடைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து விரல்களை மடக்கவில்லை, மணிக்கட்டை மட்டும் கட்டினார். இரண்டு வருஷம் அப்படி எழுதினேன். அடுத்தடுத்துத் தம்பி தங்கைகள் வந்தார்கள், பள்ளிக்கூடம் நின்றது. கிடார் நிற்கவில்லை. பிறகு கம்பி ஆறையும் பழகினேன்.

அம்மா பின்னலில் போடும் ரிப்பன் முடிச்சை அவிழ்க்க எப்போதும் திணறுவேன். அப்பா போட்ட முடிச்சை மட்டும் ஒரே இழுப்பில் அவிழ்ப்பேன். நான் போடுகிற முடிச்சும் அதே பக்கம்தான் திரும்பும். எட்டு வயதில் அதைச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெகு காலம் கழித்து, பென்ஷன் காகிதத்தில் கையெழுத்துப் போட அப்பாவை பாங்குக்குக் கூட்டிப்போனேன். தள்ளாத வயது. பேனாவை நீட்டினேன். இடது கையை நீட்டி வாங்கினார், அதே கையைக் காகிதத்துக்குக் கொண்டுபோனார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர்போல வலது கைக்கு மாற்றிக்கொண்டார். அவர் கையை யார் கட்டினார்களோ. நான் கேட்கவில்லை.

இந்த நோட்டை இடது கையால் எழுதியிருக்கிறேன். எழுதின வரிமேலேயே கை நகர்ந்துபோவதால் மை இழுவுகிறது. இந்தக் கைக்கு இப்போதுதான் எழுத்துப் பழக்கம், இன்றோடு பதினொரு நாள்.

வா, அந்தக் கிடாரையும் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார். முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசி, நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்கிறேன். உனக்குத் தமிழ் தடுக்கும், தெரியும். தடுக்கினால் அந்த எழுத்திலேயே நில்லு. முதலுக்கு ஓடாதே.