எதெல்கா உரக்கச் சொன்னாள்

ஹங்கேரியின் செகெத் நகரத்து ஓபரா அரங்கில் நான் அடியெடுத்துக் கொடுப்பவள். மேடை விளிம்பில் உள்ள சின்னப் பொந்துக்குள் உட்கார்ந்து, பாடுகிறவர்களுக்கு வரி மறந்தால் அடுத்த சொல்லைக் கிசுகிசுக்க வேண்டும். எதெல்காவுக்கு ஒன்பது வருடத்தில் ஒரு சொல்கூட எடுத்துக் கொடுக்க நேர்ந்ததில்லை.

வர்ஷானி எதெல்கா, திஸா ஆற்றில் மீன் பிடித்து விற்றவரின் மகள். சந்தையில் கெண்டை கூவி விற்ற தொண்டை அவளுடையது. மாதாகோவில் பாட்டுக் குழுவில் அதைக் கேட்ட பாதிரியார் புடாபெஸ்ட்டுக்குப் படிக்க அனுப்பினார். இருபத்திரண்டு வயதில் எங்கள் அரங்குக்கு வந்தாள். முப்பதுக்குள் முதல் சொப்ரானோ, அதாவது உச்சக் குரல் நாயகி. உச்ச ஸ்வரத்துக்கு அவள் மூச்சை இழுக்கும்போது மேல் மாடத்தில் இருமுகிறவர்கள்கூட வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

1956 நவம்பரில், ருஷ்ய டாங்கிகள் வந்து புரட்சியை நசுக்கியபோது, அவள் தம்பி பாலிந்த் எல்லை தாண்டி வியன்னாவுக்கு ஓடிப்போனான். ஐம்பத்தெட்டு வசந்தத்தில் எங்கள் குழுவுக்கு அதே வியன்னாவிலிருந்து அழைப்பு வந்தது. மூன்று வாரம், நாயகி எதெல்கா. பாஸ்போர்ட் விஷயம் என்று சொல்லி ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளை ஹோட்டல் அறை ஒன்றுக்கு வரச் சொன்னார்கள். ரகசியப் போலீஸைச் சேர்ந்த தோப்ராய் என்றொருவர் காத்திருந்தார். அவரே காபி ஊற்றிக் கொடுத்தாராம்.

"தம்பியப் பாக்கணும்னு ஆசையா இருக்குமே, தோழர் வர்ஷானி?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"தாராளமாப் பாருங்க. அவன் யார் யார்கூடப் பழகுறான், உங்க குழுவுல யாரு அங்கயே தங்கிடலாம்னு பேசிக்கிறாங்க, வந்ததும் ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. அவ்வளவுதான்."

"நான் பாட்டுக்காரிங்க. எனக்குக் கடுதாசியே ஒழுங்கா எழுத வராது."

"பழகிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கையெழுத்துப் போட வாங்க. இது வெளிய தெரியக் கூடாது. தெரிஞ்சா அப்புறம் நீங்க எங்களுக்கு எதுக்குமே உதவ மாட்டீங்க. நாங்களும் உங்களுக்கு உதவ மாட்டோம்."

புதன்கிழமை ஒத்திகையில் அவள் குரல் உச்சத்துக்குப் போகும் வழியில் உடைந்தது. இசைக்குழு நடத்துநர் கோலைக் கீழே வைத்துவிட்டார். வியாழக்கிழமை அவளுக்கு வரி மறந்தது. கிசுகிசுத்தேன். காதில் விழாதவள்போலப் பொந்தையே வெறித்துப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை நண்பகல், கேன்டீனில் எல்லாரும் பீன்ஸ் சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எதெல்கா எழுந்து நின்றாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க! தோப்ராய்னு ஒருத்தரு என்னைக் கூப்பிட்டாரு. வியன்னால நீங்க என்ன பேசுறீங்க, என் தம்பி என்ன பேசுறான்னு எழுதிக் குடுக்கணுமாம். அதனால என் காதுல விழுற மாதிரி யாரும் எதுவும் பேசிடாதீங்க. எனக்கு மனசுக்குள்ள எதுவும் தங்காது."

மேல் மாடம்வரை போகும் குரல் அது. சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. மேலாளர் லெங்வாரியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"எதெல்கா, உக்காரும்மா. சூப் ஆறுது."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அதே தோப்ராயிடம் முந்தைய வருடமே கையெழுத்துப் போட்டவள் நான். என் கணவரின் வாத்தியார் வேலை போய்விடும் என்றார்கள், போட்டேன். மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தேன். கிறிஸ்துமஸுக்கு வியன்னாவிலிருந்து எதெல்காவுக்கு வாழ்த்து அட்டை வந்ததை எழுதியவளும் நான்தான்.

அன்று மாலை தோப்ராய் என்னைக் கூப்பிட்டார். "அவ சொன்னப்போ யாரு முகத்துல சந்தோஷம் தெரிஞ்சுது?"

"நான் சூப்பைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"வேற ஒண்ணுமே கவனிக்கலையா?"

"சூப்புல உப்பு இல்ல."

போகச் சொன்னார்.

மறுநாள் காலை ஒப்பனை அறைக்குப் போய், நான் எழுதிக் கொடுத்ததை எதெல்காவிடம் சொல்லிவிட்டேன். தலையில் குத்திக்கொண்டிருந்த கொண்டை ஊசியோடு அவள் கை அப்படியே நின்றது.

"அந்த அட்டைய நான் உங்கிட்ட மட்டுந்தான்டி காட்டுனேன்."

"ஆமா."

"எங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப்போகுது? கேன்டீன்ல எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லு. போ!"

போனேன். கேன்டீனில் எழுந்து நின்றேன். கிசுகிசுத்தே பழகிய தொண்டை. என் குரல் பாதிக் கூடத்தைத் தாண்டவில்லை. "என்ன சொல்றா யோலி?" என்று பின்வரிசையில் கேட்டார்கள். வாசலில் வந்து நின்றிருந்த எதெல்கா, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "யோலி ஒரு வருஷமா நம்மளப் பத்தி எழுதிக் குடுத்தாளாம். இனிமே மாட்டாளாம்."

கைது செய்ய வந்தால் எடுத்துப்போக, கம்பளிக் காலுறையும் சோப்பும் வைத்த சின்னப் பெட்டியை மூன்று வாரம் கட்டிலுக்கடியில் தயாராக வைத்திருந்தாள் எதெல்கா. படியில் காலடி கேட்டால் கை பெட்டிக்குப் போகும். யாரும் வரவில்லை. காகிதம்தான் வந்தது. பாஸ்போர்ட் கிடையாது, நாயகி வேடம் கித்தா என்ற இன்னொரு பாடகிக்கு, எதெல்காவுக்கு லாரியில் ஊர் ஊராகப் போய்ப் பாடும் குழு. என்னையும் பொந்திலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். என் கணவரைப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள்.

நான்கு மாதம் என்னிடம் அவள் பேசவில்லை. இலையுதிர் காலத்தில் ஆள் அனுப்பினாள்: "லாரிக் குழுவுல வரி மறக்குறவங்க ஜாஸ்தி. வரச் சொல்லு." போனேன். கூட்டுறவுப் பண்ணைக் கூடங்களில், சுதி இறங்கிப்போன பியானோ பக்கத்தில், குளிருக்குப் போட்ட கோட்டைக் கழற்றாமல் பாடினாள். வெளியே வாத்துகள் கத்தும். ஆறு வருடம். மன்னித்தேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அறுபத்துநான்கில் அரங்குக்குத் திரும்ப அழைத்தார்கள். உச்ச ஸ்வரம் பழையபடி வரவில்லை என்பது முதல் ஒத்திகையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வருடம் நாயகியாகப் பாடினாள். அதன் பிறகு அம்மா வேடங்கள், வேலைக்காரி வேடங்கள்.

அறுபத்தொன்பதில்தான் பாஸ்போர்ட் கிடைத்தது. வியன்னா ரயில் நிலையத்தில், வழுக்கைத் தலையோடு நின்ற பாலிந்தை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விட்டாளாம். அவன் பின்னால் ஓடிவந்து தோளைத் தொட்டானாம். ஒரு வாரம் தங்கினாள். நாலாம் நாளே அப்பாவின் மீன்பிடிப் படகை அவள் விற்றுவிட்ட விஷயத்தில் இருவருக்கும் பெரிய சண்டை.